எந்த நாளிலிருந்து எண்ணுவது?

தாராவியின் தமிழ்ச் சபைகளில் ஞாயிறுப் பள்ளி நடத்தும் அக்காமார், அண்ணாச்சிமார், வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதத்தை விரித்துப் பேசும் உபதேசிமார், வாலிபர் கூட்டத்தை முன்நின்று நடத்தும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

உங்களோடு ஒரு கணக்கைப் பற்றிப் பேச வேண்டும். ஆபிரகாமின் சந்ததி அந்நிய தேசத்தில் எத்தனை வருஷம் குடியிருந்தது என்கிற கணக்கு அது. பழைய கணக்குதான், அறிந்தவர்கள் அதைப் பற்றி 2,000 வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக நம் சந்துகளில் சர்வேக்காரர்கள் வீடு வீடாக எண் போடத் தொடங்கியதிலிருந்து அது நம்முடைய கணக்காகவும் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து நம் கூட்டங்களில் எகிப்து என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. இரண்டு விதமாக விழுகிறது. தாராவிதான் எகிப்து, எழும்பப்போகும் கட்டடம்தான் கானான், தேவன் நம்மைச் சேற்றிலிருந்து தூக்கி உயரத்தில் வைக்கப்போகிறார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நாம் இந்தப் பூமியில் பரதேசிகள், நமக்கு நிலையான நகரம் இங்கே இல்லை, வீடு கிடைத்தால் என்ன, போனால் என்ன என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். முதலாவதைக் கேட்டவர்கள் தெம்போடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் ஜனங்களின் மேல் பாரம் உள்ளவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வேதம் அந்நிய தேசத்து வாசத்தைப் பற்றிச் சொல்வது இந்த இரண்டில் எதுவும் இல்லை.

எண்களை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், சூரியன் அஸ்தமிக்கும் வேளையில் ஆபிராமுக்கு ஒரு செய்தி வருகிறது. அவன் சந்ததியார் தங்களுக்குச் சொந்தமில்லாத தேசத்தில் அந்நியராய் இருப்பார்கள், சேவிப்பார்கள், ஒடுக்கப்படுவார்கள்; 400 வருஷம். அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, நாலாம் தலைமுறையில் திரும்பி வருவார்கள் என்றும் இருக்கிறது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் 40ஆம் வசனத்துக்கு வந்தால், இஸ்ரவேல் புத்திரர் எகிப்தில் குடியிருந்தது 430 வருஷம் என்கிறது. ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்று பேசும்போது 400 என்கிறார். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, வாக்குத்தத்தத்துக்கும் நியாயப்பிரமாணத்துக்கும் நடுவே 430 வருஷம் என்கிறார்.

இந்த 430 முழுவதும் எகிப்தில் கழிந்தது என்று எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வரும். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளே கரும்பலகையில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. மோசேயின் தாத்தா கோகாத், யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பட்டியலில் இருக்கிறான். ஆதியாகமம் 46ஐப் பாருங்கள். யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி கோகாத் உயிரோடிருந்தது 133 வருஷம். அவன் மகன் அம்ராம் 137 வருஷம். புறப்பாட்டின்போது மோசேக்கு வயது 80. கோகாத் சாகிற வருஷத்தில் அம்ராம் பிறந்தான், அம்ராம் சாகிற வருஷத்தில் மோசே பிறந்தான் என்று எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 133, 137, 80 மூன்றும் சேர்ந்து 350தான் வருகிறது. 430 கிடக்கட்டும், 400கூட எட்டவில்லை.

11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து யூத உரையாசிரியர் ராஷி இதே கூட்டலைப் போட்டுக் காட்டியிருக்கிறார். யூத மரபு கண்ட தீர்வு, எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றுவது. 400 வருஷம் ஈசாக்கு பிறந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றார்கள். ஈசாக்குக்கு 60 வயதில் யாக்கோபு பிறந்தான். பார்வோன் முன் நின்றபோது யாக்கோபுக்கு 130 வயது. ஆக 190 வருஷம் எகிப்துக்குப் போகுமுன்னே கழிந்துவிட்டது. எகிப்தில் இருந்தது 210 வருஷம். யாத்திராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், சமாரியர் வைத்திருக்கும் ஐந்தாகமமும் அந்த 12:40ஐ நம் வேதாகமத்தைப் போல எழுதவில்லை. எகிப்திலும் கானானிலும் குடியிருந்த காலம் என்று இரண்டு தேசத்தையும் சேர்த்தே 430 என்கின்றன. பவுலின் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது: ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டு 100 வயதில் ஈசாக்கைப் பெற்றது வரை 25, பிறகு 60, பிறகு 130, மொத்தம் 215. மீதி 215 எகிப்தில்.

எல்லோரும் இதை ஏற்பதில்லை. வம்ச அட்டவணையில் சில பெயர்கள் விட்டுப்போயிருக்கலாம், 430ம் எகிப்துக்கே உரியது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆதாரம் உண்டு. முதலாம் நாளாகமம் 7ஆம் அதிகாரத்தில் எப்பிராயீமிலிருந்து யோசுவா வரைக்கும் ஏறக்குறைய பத்துத் தலைமுறை வருகிறது. நாலு தலைமுறைக்குள் அதை அடைக்க முடியாது. தொல்பொருள் ஆராய்ச்சியும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்தியக் கல்வெட்டில் வருவது கி.மு. 1208 வாக்கில், மெர்னெப்தா பார்வோனின் கல்லில். அதற்குள் அவர்கள் கானானில் இருக்கிறார்கள். யோசேப்பின் பெயரோ மோசேயின் பெயரோ சொல்லும் எகிப்திய எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. நைல் கழிமுகத்தில் தெல் எல்-தபா என்ற இடத்தில் தோண்டிய ஆஸ்திரிய அறிஞர்கள், கானான் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பெரிய ஊர் ஒன்று அங்கே இருந்ததைக் காட்டினார்கள். பஞ்சத்துக்குப் பயந்தும் பிழைப்பைத் தேடியும் அந்தப் பக்கத்து ஜனங்கள் எகிப்துக்கு இறங்கியது வழக்கமான காரியம் என்பது வரைக்கும் உறுதி.

நான் ஈசாக்கு பிறந்ததிலிருந்து எண்ணுகிற குறுகிய கணக்கின் பக்கம். கூட்டல் சரியாக வருகிறது என்பதற்காக மட்டும் இல்லை. ஈசாக்கு பிறந்தது கானானில். வாழ்ந்ததும் கானானில். எகிப்துக்குப் போகாதே என்று பஞ்ச காலத்தில் அவனுக்குக் கட்டளையே வந்தது, அவன் போகவில்லை. வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட அதே மண்ணில்தான் ஆயுசு முழுக்க இருந்தான். இருந்தும் அவன் வயசெல்லாம் அந்நிய வாசமாக எண்ணப்படுகிறது. எதனால்? அவனுக்கு அங்கே அதிகாரம் இல்லை. ஊர் வாசலில் உட்கார்ந்து பேசுகிற இடம் இல்லை. அவன் தோண்டிய கிணற்றை இன்னொருவன் தன்னுடையது என்றால் விட்டுக்கொடுத்து நகர வேண்டியதுதான்.

தாராவியிலேயே பிறந்து, தாராவியிலேயே பள்ளிக்கூடம் போய், தாராவியிலேயே பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கேராரில் பஞ்ச வருஷத்தில் ஈசாக்கு விதைத்து நூறு மடங்கு அறுத்தான். ஊரார் பொறாமைப்பட்டார்கள். அவன் தகப்பன் காலத்துக் கிணறுகளையெல்லாம் மண் போட்டுத் தூர்த்தார்கள். ராஜாவே வந்து, நீ எங்களைவிடப் பலத்துப்போனாய், எங்களை விட்டுப் போய்விடு என்றான். பிறகு ஏசேக்கு கிணற்றுக்குச் சண்டை, சித்னா கிணற்றுக்குச் சண்டை, ரெகொபோத்தில்தான் நிம்மதி. இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பூர்வீகம் ஞாபகத்துக்கு வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர்கள் மாகிம் கழிமுகத்துச் சதுப்பில் குப்பையும் மண்ணும் போட்டு மிதித்துத் தரையாக்கினார்கள். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இல் தொடங்கியது, பிள்ளையார் கோயில் 1913இல் எழுந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் 1924இல் வந்தது. 1930களில் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை போட்டார்கள். யாருக்கும் வேண்டாத சேறாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. நகரம் வடக்கே வளர்ந்து, பாந்த்ரா-குர்லா வளாகம் கழிமுகத்துக்கு அக்கரையில் எழும்பிய பிறகு, இது யாருடைய இடம் என்ற கேள்வி பலமாக வந்தது. போகச் சொன்னதும் உண்டு. 1966இல் சிவசேனா தொடங்கியபோது தென்னிந்தியர்களைக் குறிவைத்துத்தான் இயக்கம் நடத்தியது. அந்த நாட்களில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்த நம் பெரியவர்கள் அதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் கிணற்றுக் கதையில் நாம் எப்போதும் ஈசாக்கு என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது. நாம் வரும்போது அந்தக் கழிமுகத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கோலிகள். தாராவி கோலிவாடா நமக்கும் மூத்தது. தண்ணீரில் தோல் கழிவும் சாக்கடையும் சேர்ந்து அவர்கள் தொழில் அழிந்தது. அவர்கள் கிணறு தூர்ந்ததில் நமக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் கேட்டு வளரட்டும்.

இப்போது ஆதியாகமம் 23ஆம் அதிகாரம். சாராள் இறந்துபோகிறாள். ஆபிரகாமுக்கு வயது 137. வாக்குத்தத்தம் பெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகியும், மனைவியை அடக்கம் பண்ணச் சொந்தமாக ஆறடி நிலம் இல்லை. ஏத்தின் புத்திரருக்கு முன் எழுந்து நின்று, நான் உங்கள் நடுவில் அந்நியன், தங்கியிருக்கிறவன் என்று சொல்லிக் கேட்கிறார். எப்பிரோன் என்பவன், நிலத்தைச் சும்மா தருகிறேன் என்கிறான், எல்லோர் காதும் கேட்க. ஆபிரகாம் அதற்குச் சம்மதிக்கவில்லை. விலை சொல், நிறுத்துத் தருகிறேன் என்கிறார். 400 சேக்கல் வெள்ளி, வியாபாரிகளிடம் செல்லுபடியாகிற வெள்ளி. அதற்குப் பிறகு வருகிற இரண்டு வசனம் அப்படியே கிரயப் பத்திரம்: மம்ரேக்கு எதிரான மக்பேலா நிலம், அதிலிருக்கிற குகை, நிலத்தின் எல்லைக்குள் இருக்கிற மரங்கள், சாட்சி ஊர் வாசலுக்கு வந்த அத்தனை பேர். மரம் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறது வேதம்!

சும்மா கொடுத்ததைச் சும்மா திருப்பிக் கேட்கலாம். ஆபிரகாம் அதை அறிந்திருந்தார். வீடு பற்றிய கவலை ஆவிக்குரியதல்ல என்று போதிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விசுவாசிகளின் தகப்பன் எல்லை, மரம், சாட்சி எல்லாம் பார்த்து வாங்கியவர். அதன் பேரில் அவருடைய விசுவாசம் குறைந்துபோனது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நமக்கு வாக்களிக்கப்படும் 350 சதுர அடி வீட்டுக்கும் எல்லை எது, எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்து என்று கேட்பது தேவனுக்கு விரோதமான முறுமுறுப்பு ஆகாது.

நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. 1799இல் சாத்தான்குளம் பக்கத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அடிபட்டு, வீடு எரிந்து நின்றபோது, உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் அவர்களுக்கென்று நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். ஜெபித்தார், நிலமும் வாங்கினார். நாசரேத்தும் டோனாவூரும் அந்த வழியில் எழுந்த ஊர்கள். நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் இறங்குவது இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான்.

இனி நாம் வழக்கமாகத் தாண்டிப்போகிற ஒரு பகுதி, ஆதியாகமம் 47. யோசேப்பின் கதையைப் பல வருண அங்கி, குழி, சிறைச்சாலை, சகோதரரைக் கட்டிக்கொண்டு அழுதது, அதோடு முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு யோசேப்பு அதிகாரியாக என்ன செய்தான் என்பதையும் வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. பஞ்சத்தில் ஜனங்களின் பணமெல்லாம் தானியத்துக்கு விலையாகப் பார்வோனின் அரமனைக்கு வந்தது. பணம் தீர்ந்தபின் ஆடுமாடு. அடுத்த வருஷம் நிலமும் சரீரமும்தான் மிச்சம், இரண்டையும் எழுதிக்கொடுத்தார்கள். எகிப்தின் நிலம் முழுவதும் பார்வோனுக்குச் சேர்ந்தது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு. தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் ஜனங்களை ஊர் மாற்றிக் குடியேற்றினார்கள். ஆசாரியரின் நிலத்தை மட்டும் தொடவில்லை. இவ்வளவும் சொல்லி முடித்த உடனே, இஸ்ரவேலர் கோசேனில் நிலைத்து, ஆஸ்தி சேர்த்து, மிகவும் பெருகினார்கள் என்று வருகிறது.

சொந்த ஊர்க்காரன் நிலத்தை இழந்து இடம் பெயர்ந்த காலத்தில், வந்தேறியின் குடும்பத்துக்கு நல்ல நிலம் கிடைத்தது. இரண்டையும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறது வேதம். யோசேப்பை அறியாத ஒரு ராஜா எழும்பினான் என்று யாத்திராகமம் தொடங்கும்போது, அவன் கையில் இருந்த அதிகாரம் யோசேப்பு சேர்த்துக் கொடுத்த அதிகாரம்தான். பித்தோமிலும் ராமசேசிலும் இஸ்ரவேலரைக்கொண்டு களஞ்சியப் பட்டணம் கட்டியது அந்த அதிகாரம். இந்தக் காரியத்தினால் அந்தக் காரியம் நடந்தது என்று வேதம் நேரடியாகச் சொல்லவில்லை. என் வாசிப்பு இது. ஆனால் பஞ்சத்தில் எல்லோர் நிலமும் ஒரே கைக்குப் போனபோது தப்பித்துக்கொண்ட குடும்பம், சில தலைமுறை கழித்து அதே கையில் அகப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் யோசேப்பை முடிக்கக்கூடாது என்று நினைக்கிறேன். தாராவி எகிப்து, கட்டடம் கானான் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாமல் செய்வதும் இந்த அதிகாரம்தான். எகிப்தில் கோசேனும் இருந்தது. கானானில் தூர்ந்துபோன கிணறும் இருந்தது.

நம் மும்பையிலேயே இதற்கு உயிருள்ள சாட்சி உண்டு. கொங்கண் கரையில் நவ்காவ் பக்கத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தப்பிக் கரையேறினார்கள் என்று பெனே இஸ்ரவேல் யூதர்கள் தங்கள் வம்சத்தைச் சொல்வார்கள். புஸ்தகங்கள் கடலோடு போயின, ஓய்வுநாள் போகவில்லை. எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள், ஊர்க்காரர்கள் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். மராட்டி பேசினார்கள். யாரும் அவர்களை இங்கே துன்புறுத்தவில்லை. 1796இல் மாண்ட்வியில் சாமுவேல் திவேகர் கட்டிய ஜெப ஆலயம் இன்னும் இருக்கிறது, தாராவியிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேர தூரம். இஸ்ரேல் பயணம் போக வருஷக்கணக்கில் சீட்டு கட்டுகிற நாம் நம் பிள்ளைகளை ஒரு நாள் மாண்ட்விக்கு அழைத்துப் போகலாம்.

1948க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்து வாக்குத்தத்த தேசத்துக்குத் திரும்பியவர்கள். அங்கே 1960களின் தொடக்கத்தில், இவர்களுக்குக் கல்யாணம் நடத்துமுன் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று தலைமை ரபிமார் உத்தரவு போட்டார்கள். எந்த நாள் முதல் நீங்கள் யூதர், பாட்டி யார், அவள் பாட்டி யார்? அவர்கள் எருசலேமில் போராட்டம் நடத்தி 1964இல்தான் அந்த நெருக்கடி தளர்ந்தது. கானானுக்குள் போன பிறகும் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி துரத்தி வந்தது.

இதை எதற்காக இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், நம்மையும் இப்போது அந்தக் கேள்வியை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 1976 கணக்கெடுப்பில் ஃபோட்டோ பாஸ் வாங்கியவர் ஒரு தரம். 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் உள்ளவர் தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியானவர். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரைக்கும் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் இரண்டரை லட்சம் கட்டி. அதற்கும் பிறகு வந்தவரும், மாலா என்கிற மேல்மாடியில் குடியிருக்கிறவரும், வெளியே வாடகைக்கு இருந்து தவணையில் வாங்கிக்கொள்ள வேண்டியவர். பாத்ர் (தகுதியுள்ளவர்), அபாத்ர் (தகுதியில்லாதவர்) என்ற இரண்டு மராட்டிச் சொல்லும் இப்போது நம் தமிழில் கலந்துவிட்டன. ஒரே ஏணியில் ஏறி இறங்குகிற இரண்டு குடும்பத்தில் கீழே இருப்பவர் பாத்ர், மேலே இருப்பவர் அபாத்ர். மேலே இருப்பவர் அநேக சமயம் கீழே இருப்பவரின் சொந்தத் தம்பி.

நம் சபைகளில் இது புகுந்துவிட்டது. நம்மவர்கள் 100 வருஷமாக இருக்கிறார்கள், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நேற்று வந்தவர்களையும் நம்மையும் ஒன்றாக வைப்பதா என்று ஜெபக்கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு வருகிறது. பேசுகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. இருக்கிற இடம் குறைவு, கேட்கிறவர் அதிகம். ஆனால் எகிப்தில் அந்நியராயிருந்தோம் என்ற ஞாபகத்தை வேதம் எதற்காக வைத்திருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் முதலில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள அதை ஒரு இடத்திலும் பயன்படுத்தவில்லை. யாத்திராகமம் 22லும் 23லும், லேவியராகமம் 19லும், உபாகமம் 10லும் அந்த ஞாபகம் வரும்போதெல்லாம் பின்னால் வந்த அந்நியனுக்காகவே வருகிறது. அவனை ஒடுக்காதே, உன்னைப் போல் அவனை நேசி, அவன் மனசு உனக்குத் தெரியும் என்று. உபாகமம் 23 எகிப்தியனையே வெறுக்கக்கூடாது என்கிறது, நீ அவன் தேசத்தில் இருந்தாயே என்று காரணமும் சொல்கிறது. செங்கல் சுமக்க வைத்தவன். ஆண் பிள்ளைகளை ஆற்றில் போட்டவன். அவனுக்கும் இந்த நியாயம்.

430 வருஷம் என்று எண்ணிச் சொல்லுகிற யாத்திராகமம் 12க்கே திரும்பிப் போனாலும் இதுதான். எண்ணுக்கு இரண்டு வசனம் முன்னால், இஸ்ரவேலரோடு பல ஜாதியான ஜனங்களும் திரளாய்ப் புறப்பட்டார்கள் என்று இருக்கிறது. அவர்கள் 430 வருஷம் காத்திருந்தவர்கள் இல்லை. எண்ணுக்கு ஒன்பது வசனம் பின்னால், சுதேசிக்கும் உங்கள் நடுவில் தங்கும் பரதேசிக்கும் ஒரே பிரமாணம் என்று வருகிறது. பஸ்காவைப் புசிப்பதைப் பற்றிய சட்டம் அது, விருத்தசேதனம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அதை மறைத்து வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நாளாக எங்களோடு இருக்கிறாய் என்று மட்டும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. விடுதலையின் பந்தியில் உட்காரக் கடைசித் தேதி போடவில்லை.

ஆகையால் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் யோசேப்பையும் மோசேயையும் எடுத்தால், நடுவில் ஒரு நாள் ஆதியாகமம் 23க்கும் ஒரு நாள் 26க்கும் கொடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு 47ஐயும் வாசித்துக் காட்டுங்கள். கோகாத், அம்ராம், மோசே கூட்டலைப் பிள்ளைகளே போட்டு, ஏன் 400 வரவில்லை என்று உங்களைக் கேட்கட்டும். பதில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று சொல்வதால் அவர்கள் விசுவாசம் ஆட்டம் காணாது. வேதத்தைக் கைவிரலால் தொட்டு எண்ணிப் பார்த்த பிள்ளை அதை எளிதில் விட்டுவிடாது.

கட்டடத்தைக் கானான் என்று பிரசங்கிப்பதை நிறுத்துங்கள். தகுதி கிடைக்காத குடும்பம் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது; தேவன் நம்மைத் தள்ளிவிட்டார் என்று அது நினைத்தால் அந்தப் பாவம் நம்மேல் வரும்.

சபைப் பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் தேதியும் பல இடங்களில் விலாசமும் இருக்கிறது. மின்சார பில்லும் ரேஷன் அட்டையும் மழையில் போய்விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அதிகாரிகள் எதை ஏற்பார்கள், எதை ஏற்கமாட்டார்கள் என்பது அவர்கள் பாடு. கேட்டு வருகிறவருக்கு, அவர் எந்தச் சபையாரானாலும், பதிவேட்டுப் பக்கத்தின் நகல் எடுத்துக் கொடுப்பது நம் பாடு. சனிக்கிழமை மாலை ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த வாலிபர் இரண்டு பேரை உட்காரவைத்தால் போதும். மராட்டி எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மேசைக்கு மேல்மாடிக் குடும்பங்கள் வரட்டும், 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிற பீகார்ப் பையன்கள் வரட்டும், மேல்முறையீடு எழுத வேண்டிய கோலி அம்மாமார் வரட்டும். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று சர்வேக்காரர்கள் அவர்களை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். நாம் பெயரையும், என்ன உதவி வேண்டும் என்பதையும் கேட்டால் போதும்.

உங்கள் சபையில் இதற்கு இடம் கொடுக்க முடியுமானால் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்லுங்கள். மேசையும் நாற்காலியும் நான் கொண்டுவருகிறேன்.